சொந்தப் பஞ்சில் சாம்பிள்

எங்கள் முதலாளி எதை வாங்கினாலும் பஞ்சு வாங்குகிற மாதிரிதான் வாங்குவார். பேல் மூட்டையில் ஒரு கை பிய்த்து, இழுத்துப் பார்த்த பிறகுதான் விலைப் பேச்சு. ராஜபாளையம், சேத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர் மூன்று மில்களின் கணக்கையும் ஒரே இடத்தில் கொட்டி வைக்க டேட்டா வேர்ஹவுஸ் வேண்டும் என்று முடிவானபோது, வந்த மென்பொருள் கம்பெனிகளிடமும் அதையே சொன்னார். "ஒங்க படத்தையெல்லாம் காட்ட வேண்டாம். எங்க பஞ்சத் தாறோம், நூத்துக் காட்டுங்க."

பஞ்சு என்றால் எங்கள் நிஜக் கணக்கு. ஒரு வருஷத்து உற்பத்தி, கழிவு, ஆள் வருகை எல்லாம் அப்படியே போனது.

நான் டைப் அடிக்க வந்து, வீடியோ பார்த்தும் ஆட்களைக் கேட்டும் கம்ப்யூட்டர் வேலை பழகியவன். கம்பெனிகளுக்கு மார்க் போடுகிற நால்வரில் என்னையும் சேர்த்திருந்தார்கள். மற்றவர்கள் முதலாளி, கணக்கு மேனேஜர், அப்புறம் ஸ்ரீவில்லிபுத்தூர் மில் மேனேஜர். அவர் எல்லாருக்கும் அண்ணாச்சிதான். அவர் பேச்சைக் கேட்கவே நான் கூட்டத்துக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுவேன். மீட்டிங் டீயைக் குடித்துவிட்டு, "கல்யாண வீட்டு மூணாம் பந்தி ரசம்லே இது" என்பார்.

சென்னைக் கம்பெனி பேசியே நேரத்தைக் கழித்தது. பெங்களூர்க் கம்பெனி ராத்திரி ஷிப்டில் ஓடிய நூலைப் பாதி இன்றைக்கும் பாதி நாளைக்குமாகப் பிரித்துப் போட்டிருந்தது. "ஒரு பிள்ளைக்கு ரெண்டு ஜாதகம் எழுதிட்டாவ" என்றார் அண்ணாச்சி. முதலாளியே சிரித்துவிட்டார்.

கோயம்புத்தூரிலிருந்து வந்த பெண் அதிகம் பேசவில்லை. ஷிப்ட் சரியாக இருந்தது. மூன்று மில்லும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அடுத்ததாகக் கழிவுக் கணக்கைத் திறந்தாள். ராஜபாளையமும் சேத்தூரும் பச்சை. ஸ்ரீவில்லிபுத்தூர் மட்டும் சிவப்பாக உச்சி வரைக்கும் நின்றது.



"எம்புட்டு நாளா இப்பிடி?" என்றார் முதலாளி.

"மொதலாளி, இங்க ராஜபாளையத்துல வேண்டாம்னு ஒதுக்குன பஞ்சு அம்புட்டும் எனக்குத்தான் லாரில வருது. பழைய மிசினு, எதையும் தின்னும்னு அனுப்புதாவ. அதுல கழிவு கூடத்தான செய்யும்?" என்றார் அண்ணாச்சி.

முதலாளி அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவள் தேடிப் பார்த்துவிட்டு, "சார், மூணு மில்லுக்கும் 'பஞ்சு'ன்னு மட்டும்தான் பதிவாகியிருக்கு. ரகத்தைத் தனியா பதிஞ்சா அதையும் காட்டலாம்" என்றாள். தயங்கித்தான் சொன்னாள்.

"அது பொறவு பாத்துக்கிடலாம்" என்றார் முதலாளி. அவர் கண் திரையை விட்டு நகரவில்லை. மென்பொருள் வாங்க உட்கார்ந்தோம் என்பதே அந்த அறையில் யாருக்கும் நினைவில்லை.

மார்க் போடுவதற்கு முன்னால் அண்ணாச்சி என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். "ஏலே, நெஞ்சுல கை வச்சுச் சொல்லு. மூணுல எது உருப்படி?"

"இதுதான் அண்ணாச்சி."

"எனக்கும் அப்பிடித்தான் தெரியுது. அந்தப் பிள்ள வேலைய ஒழுங்காத்தான செஞ்சிருக்கு."

உள்ளே போய், எங்கள் எல்லாரையும்விடக் கூடுதலாக அவர்தான் மார்க் போட்டார்.

கோயம்புத்தூர்க் கம்பெனிக்கே வேலை கிடைத்தது. கம்ப்யூட்டர் சாமான்கள் வந்து இறங்குவதற்குள் ஸ்ரீவில்லிபுத்தூர் மில்லை மூடுவதாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். வேலையாட்கள் வேண்டுமானால் சேத்தூருக்கு வரலாம் என்றார்கள். நடந்தே வேலைக்கு வந்துபோன பெண்கள். கைப்பிள்ளை இருந்தவர்கள் நின்றுவிட்டார்கள், மற்றவர்கள் விடியுமுன்னே பஸ் ஏறினார்கள். அண்ணாச்சிக்கு ராஜபாளையம் ஆபீசில் ஒரு நாற்காலி தருவதாகச் சொன்னார்கள். "நான் என்ன ஷோகேஸ் பொம்மையாய்யா?" என்று கேட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை.

ஒதுக்கிய பஞ்சு மட்டும் நிற்கவில்லை. அது எங்கேயாவது ஓடியாக வேண்டுமே. லாரி சேத்தூர்ப் பக்கம் திரும்பியது. கொஞ்ச நாளில் சேத்தூர் சிவப்பானது. ரகத்தைத் தனியாகப் பதியலாமா என்று நான் கேட்டதற்கு, முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.

சேத்தூர் சிவப்பானதை அண்ணாச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். பளிச்சென்று ஏதாவது சொல்வார், நானும் சிரித்துக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசை.



"நம்ம பிள்ளைக கொஞ்சப் பேரு அங்கதான போயிருக்காவ?" என்றார்.