மூன்றாம் வகுப்பில் என் குரல் போன வருடம்

எங்கள் தெருவின் அன்பியச் செபக் கூட்டத்தில் இதை எழுந்து நின்று சொல்லச் சொன்னார்கள். அவ்வளவு நேரம் பேச என் தொண்டை இடம் கொடுக்காது. அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துவிடுங்கள். ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் இருக்க மனம் கேட்கவில்லை. ஆனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதில் பெரிய அற்புதம் எதுவும் இல்லை. களைத்துப்போன ஒரு டீச்சரின் கதைதான்.

என் பெயர் செலின். செஞ்சியில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப்பள்ளியில் பதினெட்டு வருடமாக மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். போன வருடம் என் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். பாதிப் பேர் சுற்றுக் கிராமங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். வகுப்புக்கு ஒரு பக்கம் ரோடு, நாள் முழுக்க ஹாரன். இன்னொரு பக்கம் நான்காம் வகுப்பு. நடுவில் இருப்பது வெறும் தட்டி. அந்தப் பக்கம் வாய்ப்பாடு சொன்னால் இந்தப் பக்கம் நான் அதைவிடச் சத்தமாகச் சொல்ல வேண்டும். சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "செலின் டீச்சர் ஒரு அதட்டு போட்டா கோட்டை மேல இருக்குற கொரங்குகூட கீழ இறங்கி வந்து கைகட்டி நிக்கும்" என்று நான்காம் வகுப்பு டீச்சர் கிண்டல் செய்வார். நானும் சிரித்துக்கொள்வேன்.

ஜூலை மாதம், ஒரு திங்கட்கிழமை. ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் என் குரல் நின்றுவிட்டது. அதற்கு முன் ஒரு வருடமாகவே கரகரப்பு இருந்தது. மிளகு, அதிமதுரம், வெந்நீர் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்று வாயைத் திறந்தால் காற்று மட்டும்தான் வந்தது. பிள்ளைகள் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

என் கணவர் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். கத்திக் கத்தியே தொண்டைக்குள் முடிச்சு மாதிரி இரண்டு வளர்ந்திருக்கிறது என்றார். பயப்படுகிற வியாதி இல்லை, ஆனால் எட்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. குசுகுசுவென்றுகூடப் பேசக்கூடாது. அதற்கும் கரையவில்லை என்றால் ஆபரேஷன். அதற்குப் பிறகு குரல் எப்படி வரும் என்று உறுதி சொல்ல முடியாது. வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதேன். அழுகைக்கும் சத்தம் வரவில்லை.

லீவு எடுக்கலாம் என்றால், மாமியார் படுக்கையில் இருந்தபோதே எல்லா லீவும் தீர்ந்துவிட்டது. தலைமையாசிரியை சிஸ்டர் நல்லவர்தான். ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருக்கிறார்கள்.

"நீங்க கிளாஸ்ல உக்காந்திருந்தா போதும் டீச்சர், பிள்ளைங்க ஓடாம இருக்கும். காலாண்டுப் பரீட்சை வரைக்கும் பாக்கிறேன். அதுக்குள்ள கிளாஸ் இறங்கிப் போச்சுன்னா வேற டீச்சரைப் போடச் சொல்லிடுவாங்க. நான் இன்னா பண்ணட்டும், சொல்லுங்க."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு வேறு தொழில் தெரியாது. நாற்பத்தாறு வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ளத் தெம்பும் இல்லை.

பள்ளிக்கூட வளாகத்தில் குகை மாதிரி கட்டிய ஒரு மாதா கெபி இருக்கிறது. தினமும் மணி அடிப்பதற்கு முன் அங்கே போய் நிற்பேன். 'என் குரலைத் திருப்பிக் கொடும் ஆண்டவரே, அம்மா, நீங்களும் சொல்லுங்கள்.' இவ்வளவுதான் செபம். வேளாங்கண்ணிக்கு வெள்ளித் தகடும் நேர்ந்துகொண்டேன். கடைத்தெருவில் என் கணவர் தொண்டை உருவம் போட்ட தகடு கேட்டார். கடைக்காரர் தட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு, "கண்ணு இருக்குது, கை, கால் இருக்குது, வயிறுகூட இருக்குது. தொண்டை இன்னும் யாரும் கேக்கலியே சார். முழு ஆளா வாங்கிக்கிங்க, தொண்டையும் அதுல அடங்கிடும்" என்றார். என் கணவர் என் பக்கம் திரும்பி, "இருவது வருசத்துல இப்பதான் வீடு அமைதியா இருக்குது, வாங்கணுமான்னு யோசிக்கிறேன்" என்றார். கோபம் வந்தது. திட்ட முடியவில்லை. முழு ஆளை வாங்கிக்கொண்டு வந்தோம்.

வகுப்பில் நான் பாடம் நடத்தும் முறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் ஒரு வரி வாசிப்பேன், நாற்பத்திரண்டு பேரும் திருப்பிச் சொல்வார்கள். காலைச் செபமும் அப்படித்தான், பாட்டும் அப்படித்தான். இந்துப் பிள்ளைகள்கூட மூன்று மாதத்தில் எல்லாச் செபத்தையும் தண்ணீர்பட்ட பாடாக ஒப்பிப்பார்கள். இப்போது முதல் வரி சொல்ல ஆள் இல்லை. அதனால் நிவேதாவை எழுப்பினேன்.

நிவேதா தொண்டூர் பக்கத்திலிருந்து வருகிற பெண். அம்மா கூலி வேலைக்குப் போகிறவர். காலைச் செபத்தை மைக்கில் சொல்வது அவள்தான். எந்தப் பாடத்தைக் கொடுத்தாலும் ஒரு சொல் தவறாமல் வாசிப்பாள். ஆண்டு விழாவில் விருந்தினர் வந்தால் சிஸ்டர் அவளைத்தான் வாசிக்கச் சொல்வார். நான் இன்னும் நடத்தாத அடுத்த பாடத்தை எடுத்து அவள் கையில் கொடுத்து, வாசி என்று சைகை காட்டினேன். அது குளத்தைப் பற்றிய பாடம்.

அவள் புத்தகத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு வரியின் மேல் விரலை வைத்து, கணீரென்ற குரலில் ஆரம்பித்தாள். போன வாரம் நான் நடத்திய காக்காய்ப் பாடம். குளத்தின் மேல் விரல் நகர்கிறது, வாயில் காக்காய் பறக்கிறது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தை வாங்கி ஒரு சொல்லைக் காட்டினேன். தெரியவில்லை. ஒரு எழுத்தைக் காட்டினேன். அதுவும் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு மேலாக இந்தப் பிள்ளை காதால் படித்திருக்கிறது. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், போர்டைப் பார்த்து அப்படியே வரைந்துவிடும். டிக்டேஷனுக்குப் பக்கத்துப் பெண்ணின் சிலேட்டு இருந்திருக்கிறது. பார்த்து எழுதுவது வேறு, படிப்பது வேறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நாற்பத்திரண்டு பேரை வைத்துக்கொண்டு தெரிந்ததையெல்லாம் சரிபார்க்க எனக்குச் சலிப்பாக இருந்தது. அதுதான் உண்மை.

குரல் மட்டும் இருந்திருந்தால் அன்று அவளைத் திட்டித் தீர்த்திருப்பேன். என் குணம் எனக்குத் தெரியும். அவள் அழ ஆரம்பித்தாள். திட்டவும் முடியவில்லை, தேற்றவும் முடியவில்லை. வேறு வழியில்லாமல் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மணி அடிக்கும்வரை அப்படியே இருந்தோம்.

அடுத்த மூன்று நாளில் ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு, இதுவரை யாரும் வாசித்துக் காட்டாத பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன். பத்தொன்பது பேருக்கு எழுத்துக்கூட்டவே வரவில்லை. எல்லோரும் கூட்டத்தோடு வாயசைத்துக்கொண்டு இருந்தவர்கள். என் சத்தத்துக்குள் ஒளிந்துகொள்ள அவ்வளவு இடம் இருந்திருக்கிறது.

சிஸ்டரிடம் நான் சொல்லவில்லை. பயம். வகுப்பு இறங்கிப் போனால் வேலை போகும் என்றார்கள், அது எப்போதோ இறங்கிப் போயிருந்தது எனக்கு மட்டும்தான் தெரியும். மறுநாள் கெபி முன்னால் நின்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். குரலைக் கேட்டால் அவமானத்தைக் கொடுக்கிறீரே, இதுதான் உம்முடைய பதிலா என்று கேட்டேன்.  மணிதான் அடித்தது.

நிவேதாவிடம் அம்மாவைக் கூட்டி வரச் சொல்லிச் சைகை காட்டினேன். வேலை முடிந்து மண் ஒட்டிய காலோடு வந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, என்னால் பேச முடியாது, எழுதிக் காட்டினால் அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தேன்.

"என் பொண்ணு நல்லா படிக்குதுன்னு ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன் டீச்சர். இன்னா ஆச்சு? வால்தனம் எதுனா பண்ணுச்சா?"

நான் நிவேதாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு தானே சொன்னாள்.

"அம்மா, எனக்குப் படிக்கத் தெரியலம்மா. டீச்சர் சொல்றத கேட்டுத்தான் சொல்லுவேன்."

 அந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். என்னைக் கேட்பார், சிஸ்டரிடம் போவார் என்று காத்திருந்தேன்.

"அவ்ளோதானா? அப்ப கத்துக் குடுங்க டீச்சர். எனக்குத்தான் யாரும் சொல்லித் தரல. இதுக்கு நீங்க இருக்கீங்க இல்ல?"

எட்டு வயதிலேயே மன்னிப்புச் செபம் மனப்பாடம் செய்தவள் நான். அதை மனதாரச் சொன்னது அன்று மாலைதான். மறுநாளிலிருந்து என் செபமும் மாறிவிட்டது. குரலைப் பற்றி நிறுத்திக்கொண்டேன். இந்தப் பத்தொன்பது பேரையும் படிக்க வையும், வேலையை நீரே பார்த்துக்கொள்ளும் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வெறும் உழைப்பு. படிக்கத் தெரிந்தவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்து உட்கார வைத்தேன். வராதவர்களை நான்கு நான்கு பேராக என்னோடு பாயில் உட்கார வைத்தேன். பாடப் புத்தகம் வேண்டாம், அதை அண்ணன் அக்கா சொல்லக் கேட்டு ஒப்பித்துவிடுகிறார்கள். வீட்டிலிருந்து பிஸ்கட் கவர், பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை, சோப்பு அட்டை கொண்டு வரச் சொல்லிச் சிலேட்டில் எழுதினேன். யாரும் வாசித்துக் காட்டாத எழுத்துகள். ஒரு துண்டு அட்டையால் மீதியை மூடிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் திறப்பேன். சரியாகச் சொன்னால் தலையாட்டுவேன். தவறென்றால் காத்திருப்பேன். நான் பேசாததால் பிள்ளைகளும் மெல்லத்தான் பேசினார்கள். தட்டிக்கு அந்தப் பக்கம் இருந்த டீச்சர், நாங்கள் எங்கேயோ வெளியே போய்விட்டோம் என்று நினைத்து ஒருநாள் எட்டிப் பார்த்தார்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. ஆகஸ்டில் பல நாள் எனக்கு வெறுத்துப்போனது. இன்று சொன்ன எழுத்து நாளைக்கு மறந்துபோகும். முதுகு வலி, முட்டி வலி. வீட்டுக்கு வந்தால் சாப்பிடக்கூடத் தெம்பு இருக்காது. நிவேதாதான் எல்லோரையும்விட மெதுவாகக் கற்றாள். நினைவாற்றல் அதிகம் உள்ள பிள்ளை, எழுத்தைப் பார்ப்பதற்கு முன் ஊகித்துவிடும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை விடுவது அதற்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது.

செப்டம்பரில் எட்டு வாரம் முடிந்தது. முடிச்சுகள் சுருங்கியிருக்கின்றன, ஆபரேஷன் வேண்டாம், இனிமேல் கத்தினால் என்னிடம் வராதீர்கள் என்றார் டாக்டர். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிப் பார்க்கச் சொன்னார். அடுத்த வாரமே சிஸ்டர் வகுப்புக்கு வந்தார். கையில் ஆலய அறிவிப்புத் தாள். நேரே நிவேதாவிடம் நீட்டினார்.

அவள் எழுந்தாள். முதல் சொல்லிலேயே நின்றாள். எழுத்தெழுத்தாகக் கூட்டினாள். ஒரு வரி முடிய ஒரு யுகம் ஆனது. இரண்டாவது வரியில் ஒரு சொல்லைத் தவறாகச் சொல்லிவிட்டு, அவளே நிறுத்தி, திரும்பிப் போய், திருத்திச் சொன்னாள். அவள் நெற்றியில் வேர்வை. சிஸ்டரின் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"இன்னா டீச்சர் இது? ஜூன் மாசம்கூட மடமடன்னு வாசிச்சா. இப்ப இப்படி தட்டித் தடவுறா? கிளாஸ் இவ்ளோ இறங்கிப் போச்சா?"

நான் எழுந்து நின்றேன். எட்டு வாரத்துக்குப் பிறகு அந்த வகுப்பில் நான் பேசிய முதல் பேச்சு அதுதான். உடைந்த, மெல்லிய குரல், எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"அப்ப அவ வாசிக்கல சிஸ்டர். ஒப்பிச்சா. இப்பதான் வாசிக்கிறா. தப்பு எம்மேலதான்."

பத்தொன்பது பேர் கதையையும் சொல்லிவிட்டேன். வேலை போனால் போகட்டும் என்ற தைரியமெல்லாம் இல்லை.  ஆனால் அந்தப் பிள்ளை வேர்த்து நிற்கும்போது வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

சிஸ்டர் அந்தத் தாளைத் திரும்ப வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மீதியும் படிம்மா. எனக்கு அவசரம் இல்ல" என்றார். நிவேதா கடைசி வரிவரை படித்தாள். அடுத்த பீரியடு மணி அடித்தும் சிஸ்டர் எழுந்திருக்கவில்லை. மறுநாள் நான்காம் வகுப்புக்குப் போய், யாரும் வாசித்துக் காட்டாத ஒரு தாளை அங்கே நீட்டினாராம். அங்கே என்ன ஆனது என்று நான் சொல்லக்கூடாது. இப்போது அந்த டீச்சரும் பாயில்தான் உட்காருகிறார்.

என் வேலை போகவில்லை. ஏப்ரலுக்குள் பத்தொன்பதில் பதினேழு பேர் எழுத்துக்கூட்டிப் படித்தார்கள். இரண்டு பேருக்கு இன்னும் வரவில்லை, அவர்களுக்காக இப்போதும் செபிக்கிறேன், நீங்களும் செபியுங்கள். என் பழைய குரல் வரவே இல்லை. பூசையில் பாட முடியாது. சாயங்காலம் ஆனால் வெறும் காற்றுதான். இந்த வருடமும் நாற்பது பிள்ளைகள், இந்த வருடமும் களைப்பு. களைப்பு தீரும் என்று ஆண்டவர் எனக்கு வாக்குக் கொடுத்ததாக நினைவில்லை.

கேட்டது கிடைக்காமல் சோர்ந்திருக்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். கேட்பதை நிறுத்தாதீர்கள். சண்டை போட்டாவது கேளுங்கள், அவர் கோபித்துக்கொள்வதில்லை. ஆனால் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டதையும் கொஞ்சம் பாருங்கள், அங்கேயே அவர் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

பள்ளியின் கடைசி நாளில் ரேங்க் கார்டு கொடுத்தேன். நிவேதாவின் கார்டில் குறிப்பு எழுதும் இடத்தில், யோசித்து யோசித்து, உள்ளதையே எழுதியிருந்தேன். அவள் அதை அம்மாவிடம் கொண்டுபோய், வாசலில் நின்று, விரலை வைத்துப் படித்துக் காட்டினாள்.

"மெ... து... வாகப்... படிக்... கிறாள். தா... னே... படிக்கிறாள்."

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "டீச்சர், இது நானா?"

ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சாயங்காலம் ஆகிவிட்டதால் சத்தம் வரவில்லை. தலையாட்டினேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. ஆண்டவருக்கு நன்றி.