குறுக்கே எழுதிய 'ரத்து'

என் நாட்குறிப்பில் அந்தச் செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், "மாலை 4.40, ஏழாயிரம்பண்ணையிலிருந்து போன்" என்று இருக்கிறது.

எங்கள் பட்டாசுத் தயாரிப்பாளர் சங்கத்துக்கு நான் செயலாளர். உறுப்பினர்களின் கேள்விக்குச் செயற்கை நுண்ணறிவு பதில் சொல்வதற்காக, பழைய சுற்றறிக்கைகள் அத்தனையையும் நானே தட்டச்சு செய்து சங்க இணையதளத்தில் ஏற்றியிருந்தேன்.

போனில் பேசியவர் உறுப்பினர் முருகேசன். "அண்ணாச்சி, மிச்ச வெடிமருந்துக் கலவையை மூடி வச்சு நாளைக்கு எடுக்கலாம்னு உங்க மெசின் சொல்லுதே! சங்கம் எப்பருந்து இம்புட்டுத் தாராளமாச்சு?"

அப்படிக் கிடக்கும் கலவை தானாகவே பற்றிக்கொள்ளும்.

"வைக்காதீக! இப்பவே முறைப்படி அழிங்க!"

"ஐயையோ, போர்மேன் மூடி வைக்கப் போயிட்டாரே!"

அவர் ஓடினார். அணைக்காத போனைக் காதில் வைத்தபடி, வெடிச்சத்தம் கேட்டுவிடுமோ என்று பதினொரு நிமிடம் நின்றேன்.

"அழிச்சாச்சு அண்ணாச்சி" என்றார் மூச்சிரைக்க.

அந்தப் பதில் எந்தச் சுற்றறிக்கையிலிருந்து வந்தது என்று பார்க்க, பழைய காகிதக் கோப்பைப் பிரித்தேன். அந்தச் சுற்றறிக்கையின் குறுக்கே சிவப்பு மையில் 'ரத்து' என்று எழுதியிருந்தது. அச்சிட்ட வரிகளை மட்டும் தட்டச்சு செய்த நான், அதை விட்டிருந்தேன்.

இப்போது ஒவ்வொரு சுற்றறிக்கைக்கும் முதல் வரியிலேயே 'செல்லும்' அல்லது 'ரத்து' என்று தேதியோடு எழுதிய பிறகே ஏற்றுகிறேன்.

ரத்தான அந்தச் சுற்றறிக்கை, நான் எடுக்கும்வரை நான்கு நாள் தளத்தில் இருந்தது. உறுப்பினர்கள் எல்லாரையும் அழைத்துவிட்டேன். இருவர் இன்னும் போனை எடுக்கவில்லை. அவர்களுக்கும் அதே பதில் போனதா என்பது இதை எழுதும்வரை உறுதியாகவில்லை.