‘ங்க’ விழுந்த இடம்

திரைக்கு அடியில் குனிந்து நின்று, முகத்தைக் காட்டாமல், பிறர் பேசுவதைத் தமிழில் சொல்லிவிட்டு, அடுத்த நொடி காணாமல் போவதுதான் சப்டைட்டில் எழுதுகிறவரின் தொழில்.

ஓய்வு பெறும்வரை பாடப்புத்தகங்களுக்கு மெய்ப்புப் பார்த்தவள் நான். கணவர் போன பிறகு, வீட்டில் குக்கர் விசிலைத் தவிர வேறு குரல் கேட்காத நிலையில், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இயங்கும் சின்ன சப்டைட்டில் ஆபீசில் சேர்ந்தேன். ஜப்பானியப் பொம்மைப் படங்களுக்குத் தமிழ் எழுத்துப் போடுகிற வேலை. ‘பொம்மைப் படம்’ என்றால் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். அனிமே என்று சொல்ல வேண்டும். நான் எழுதுவேன். எந்த வரி எப்போது தோன்றி எப்போது மறைய வேண்டும் என்று படப்பையிலிருந்து பைக்கில் வரும் பிரபு நேரம் குறிப்பான். சேலையூர் ரூபி எல்லாவற்றையும் சரிபார்த்துப் பிழை பிடிப்பாள். இருவருக்கும் முப்பதைத் தொடுகிற வயது. எனக்கு அங்கே ‘ஆன்ட்டி’ என்றே பெயர். இதே தொழிலில் கண் பூத்துப்போனவர்கள் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்காருங்கள். இது நம் பாடுதான்.

புள்ளிக்கும் வாடகை

ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து, திரையில் இரண்டே வரி. இது சட்டம். ஆனால் கம்ப்யூட்டர் எண்ணுவது நம் எழுத்தை அல்ல என்பது உங்களுக்கும் தெரியும். ‘க்’ நமக்கு ஓர் எழுத்து, அதற்கு இரண்டு. புள்ளிக்கும் தனியாக வாடகை வாங்கிக்கொள்ளும். காலுக்கும் கொம்புக்கும்கூட விலக்கு இல்லை. மெய்யெழுத்தை உயிரைப் போல நேசிக்கும் ஒரு மொழியை இப்படியா நடத்துவது!

சேர்ந்த புதிதில் ஒரு சாவுக் காட்சி வந்தது. வீரன் நெஞ்சில் அம்போடு கிடக்கிறான். ஆங்கிலத்தில் நாலு சொல். நான் அதற்கு, “நான் உங்களை விட்டுப் பிரிந்து சென்றுகொண்டிருக்கிறேன்” என்று எழுதினேன். அது திரையில் நிற்பதோ ஒரே நொடி; அதற்குள் படித்து முடிக்க முடியாது என்று எழுதும் பெட்டி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. ‘உங்களை’ வெட்டினேன், ‘பிரிந்து’ வெட்டினேன், சிவப்பு அடங்கவில்லை. ‘சென்றுகொண்டிருக்கிறேன்’ என்பதை மட்டும் வெட்ட மனசு வரவில்லை; அதன் நடையிலேயே ஒரு தளர்ச்சி இருக்கிறதல்லவா? பிரபு நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். திரையை எட்டிப் பார்த்தான்.

“ஆன்ட்டி, அவன் செத்துகினு கீறான். இவ்ளோ இலக்கணமாவா பேசுவான்?”

அசுரனுக்கு ஒரு ஜெபம்

அடுத்து ஓர் அசுர ராஜா. தளபதிகள் அவனை எப்படி அழைப்பார்கள்? ‘நீ’ என்றால் தலை போய்விடும். ‘நீங்கள்’ என்றால் அசுரன் தாலுகா ஆபீசர் போல ஆகிவிடுகிறான். நான் பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள். சர்ச் என்பதை நாங்கள் ‘கோயில்’ என்றுதான் சொல்வோம். அங்கே ஆண்டவரை ‘நீர்’ என்போம். பயமும் உரிமையும் ஒன்றாக இருக்கிற ஒரு சொல். அதை எடுத்து அசுரனுக்குச் சூட்டினேன். “நீர் கட்டளையிடும். உமது படை உமக்காகக் காத்திருக்கிறது.” படிக்கப் படிக்க எனக்கே புல்லரித்தது.

படம் வெளியான மறுநாள் ரூபி கருத்துப் பெட்டியைத் திறந்து வாசிக்க ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு மேஜையில் கவிழ்ந்துவிட்டாள். அவள் கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவள். அவளும் இதைக் கவனிக்காமல் சரி போட்டிருந்தாள். கோயில் தமிழ் காதில் ஊறிய இரண்டு பேர் எழுதி, சரிபார்த்து, அனுப்பியிருக்கிறோம். யாரோ ஒரு பிள்ளை கேட்டிருந்தது:

“இந்த அசுரன்கிட்ட ஏன் எல்லாரும் சர்ச்ல பிரேயர் பண்ற மாதிரியே பேசுறாங்க? கடைசியில காணிக்கைப் பை வருமா?”

‘யூ’ என்கிற செருப்பு

நமக்கு ஜப்பானியம் வராது. வந்து சேர்வது ஆங்கில வசனம். ஆங்கிலத்தின் ‘யூ’, கோயில் வாசலில் கிடக்கும் ரப்பர் செருப்பு; யார் காலுக்கும் சேரும். யாருடைய கால் என்று கண்டுபிடிப்பது நம் தலைவிதி.

குடைக்கடைத் தொடர் வந்தபோது இந்தத் தலைவிதி பெரிதாகிவிட்டது. மழை ஓயாத ஓர் ஊரில் குடை பழுதுபார்க்கும் பெண். அவள் கடை வாசலில் ஒதுங்கும், சீக்கிரமே நாடு விட்டுப் போகவிருக்கும் ஒரு வாள்வீரன். இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு உயிர், சொல்லத்தான் மாட்டார்கள். பெயரோடு ‘சான்’ என்று மரியாதை விகுதி சேர்த்தே கூப்பிட்டுக்கொள்கிறார்கள், அது காதில் கேட்கிறது. ஆகவே இருவருக்கும் ‘நீங்க’ என்று தீர்மானித்தேன். “குடை ரெடி, எடுத்துக்குங்க.” “மழை நிக்கட்டும், உக்காருங்க.” வாரா வாரம் ரசிகர்கள் கருத்துப் பெட்டியில் முட்டிக்கொண்டார்கள்: எப்போது அந்த ‘ங்க’ உதிர்ந்து விழுந்து ‘நீ’ வரும்? அவன் நாடு விட்டுப் போவதற்குள் விழுமா?

நாள் முழுக்க இதையே கேட்டுக் கேட்டு என் காது கூர்மையாகிவிட்டது. ஒருநாள் திடீரென்று கவனித்தேன். பிரபு என்னிடம் ‘இன்னா ஆன்ட்டி’ என்பான். மருந்துக்கடைக்காரரை ‘வா மச்சான்’ என்பான். ரூபியிடம் திரும்பினால் மட்டும், “ரூபி, நீங்கள் அந்தக் கோப்பைப் பார்த்துவிட்டீர்களா?” ரூபியும் அப்படித்தான். டீ கொண்டுவரும் அண்ணனையே ‘நீ’ என்று உரிமையாகப் பேசுகிறவள், இவனிடம் மட்டும் ‘நீங்க’. திரையில் இரண்டு ‘ங்க’, திரைக்கு இந்தப் பக்கம் இரண்டு. ரூபி சாப்பிடப் போன நேரத்தில், “அவகிட்ட மட்டும் ஏண்டா நியூஸ் வாசிக்கிற?” என்று கேட்டேன். அவன் மவுஸைத் துடைத்தான். சுத்தமாக இருந்த மவுஸ்.

“வுடு ஆன்ட்டி. அவங்க டீச்சர் வூட்டுப் பொண்ணு. நான் பேசுறாப்பல பேசுனா அவங்க காதுல அடிபட்டுடும்.”

வெளியேறுகிறேன்

பிறகு மெஷின் வந்தது. முதல் வரைவை அதுவே எழுதி, நேரத்தையும் அதுவே குறித்து அனுப்பிவிடும். நான் திருத்தினால் போதும் என்றார்கள். குடைக்கடைத் தொடரில் ஒரு சின்னப் பிள்ளை பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்புகிறது. மெஷின் எழுதியிருந்தது: “அம்மா, நான் வெளியேறுகிறேன்.” ராஜினாமா கொடுத்த மாதிரி!

அந்தக் காட்சியைப் பற்றி, ஜப்பானியம் படிக்கும் ஒரு ரசிகர் விளக்கி எழுதினார். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அவர்கள் சொல்லும் சொல்லுக்கு நேர்ப் பொருள் ‘போயிட்டு வரேன்’. வீட்டில் இருப்பவர்கள் பதிலுக்குச் சொல்வது ‘போயிட்டு வா’. நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன். கடல் கடந்து எங்கோ ஒரு தாயும் நம்மைப் போலவே, போகிறவர்களை வெறுமனே போகச் சொல்வதில்லை. நடுவில் நின்ற ஆங்கிலம்தான் ‘வருவதை’த் தின்றுவிட்டுப் ‘போவதை’ மட்டும் நமக்குத் தந்திருக்கிறது.

இந்தச் சந்தோஷத்தை நான் இருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் பிரபு தொண்டையைச் செருமினான். நேரம் குறிக்க இனி ஆள் வேண்டாமாம். பெங்களூரில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டதாம். “குடைக்கடை முடிஞ்சதும் நான் போறேன்” என்றான், என்னைப் பார்த்து. ஆனால் யாருக்குச் சொன்னான் என்று எனக்குத் தெரியும். “போறேன்னு சொல்லாதடா, இவ்வளவு நேரம் என்ன பாடம் நடத்தினேன்?” என்று கடிந்துகொண்டேன். ரூபி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சொல்லட்டும் ஆன்ட்டி. மெஷின் எழுதினதுதான் கரெக்ட்டு போல.”

கொய்யாவும் வாளும்

அவன் கிளம்புவதற்கு முந்தின வாரம், வண்டலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரசிகர்கள் கூடினார்கள். நாங்கள் மூவரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறினோம். எதிர் சீட்டில் நீல நிற முடியும் அட்டை வாளுமாக ஒரு வாலிபர். எங்கள் வாள்வீரனின் வேஷம்! கொய்யாப்பழக் கூடையோடு ஏறிய அம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்து, “இன்னா நைனா, நாடகமா? கத்திய ஓரமா வச்சுக்கோ, பழத்துல படப்போவுது” என்றாள். வீரர் பணிந்து வாளை ஒதுக்கினார். பிரபு சிரித்தான். ரூபியும் சிரித்தாள். ஒருவரை ஒருவர் பார்க்காமல், ஆளுக்கொரு ஜன்னல் பக்கம்.

மண்டபத்தில் நான்தான் தமிழில் எழுதுகிறவள் என்று தெரிந்ததும் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். என் வெள்ளை முடியையும் வேஷம் என்று நினைத்து ஒருத்தி தொட்டுப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் பெரும்பாக்கத்திலிருந்து மகளோடு வந்த ஒரு தாயும் இருந்தார். வேலை முடித்து வந்ததும் மகளோடு உட்கார்ந்து பார்ப்பாராம். இங்கிலீஷ் தெரியாததால் என் எழுத்துதான் அவருக்குக் குரலாம். கடைசி எபிசோடில் என்ன ஆகும் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். எனக்கு இரண்டு பக்கமும் பிரபுவும் ரூபியும் நின்றிருந்தார்கள்.

“அந்தக் குடைக்காரப் பொண்ணு சொல்லுமா, சொல்லாதாம்மா? ரெண்டு பேரும் ‘ங்க’, ‘ங்க’ன்னு மரியாத குடுத்தே பிரிஞ்சிடுவாங்க போல கீது.”

கடைசி வரி

கடைசி எபிசோட் பிரபுவின் கடைசி நாளன்று வந்தது. மழையில் வாள்வீரன் கிளம்புகிறான். அவள் அவன் பெயரைக் கூப்பிட்டு ஒரே ஒரு சொல் சொல்கிறாள். ஆங்கிலத்தில் ‘கோ’. மெஷின், “செல்” என்று எழுதியிருந்தது. நான் ஹெட்போனை மாட்டிக் கேட்டேன். அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையின் தாய் சொன்ன அதே சொல். பெயருக்குப் பின்னால் இத்தனை நாள் ஒட்டியிருந்த விகுதி மட்டும் இல்லை.

‘போயிட்டு வாங்க’, ‘போயிட்டு வா’ என்று இரண்டையும் எழுதி ரூபிக்கு அனுப்பினேன். “வாங்கன்னே இருக்கட்டும் ஆன்ட்டி” என்றாள். “அவ விகுதிய விட்டுட்டாடி, கேட்டுப் பாரு.” ஹெட்போனை வாங்கிக் கேட்டாள். மறுபடி கேட்டாள். “விட்டுட்டா சரி. அவன் தப்பா எடுத்துக்கிட்டா?” என்றாள். அவள் கேட்டது வாள்வீரனைப் பற்றி அல்ல. பிரபு அடுத்த மேஜையில் தன் காபிக் கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தான். ஒரு கோப்பைக்கு அத்தனை தாள் தேவையில்லை.

என் கணவரை நான் வாழ்நாளெல்லாம் ‘என்னங்க’ என்றுதான் கூப்பிட்டேன். அவர் போன பிறகு ஒரு நாள் கல்லறையில் பூ வைத்துவிட்டு எழுந்தபோது, “நீ தூங்கு, நான் வரேன்” என்று என் வாயிலிருந்து வந்தது. என் ‘ங்க’ விழுந்த இடம் அது. கேட்க ஆள் இல்லாத இடம். ரூபியிடம் இதை மட்டும் சொன்னேன். அவள் ஹெட்போனின் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

பிரபு பையைத் தோளில் மாட்டினான். “ஆன்ட்டி, வரேன்” என்றான், பாடம் மறக்காமல். பிறகு வாசலில் நின்று, “வருகிறேன், ரூபி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவன் படியிறங்கும் சத்தம் கேட்டது. பாதிப் படி இறங்கியிருப்பான். ரூபி நாற்காலி உருண்டு சுவரில் முட்டும் வேகத்தில் எழுந்து, வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மருந்துக்கடையில் நின்றவர்களெல்லாம் நிமிர்ந்து பார்க்கும்படி கூப்பிட்டாள். “பிரபு! போயிட்டு வா!”

காலடிச் சத்தம் நின்றது. பிறகு, ஏறி வருகிற சத்தம், இரண்டிரண்டு படியாக. அவள் முன்னால் வந்து நின்றபோது பிரபுவின் செய்தி வாசிக்கும் தமிழ் போன இடம் தெரியவில்லை.

“இன்னா சொன்ன, ரூபி? இன்னொரு தபா சொல்லு.”

நான் ‘வாங்க’வை அழித்துவிட்டு ஃபைலை அனுப்பினேன்: நாற்பத்திரண்டு இடம் காலியாகக் கிடந்தும், இரண்டு ஜோடிகளுக்கும் ஐந்தெழுத்தும் ஒரே ஒரு புள்ளியும் போதுமானதாக இருந்தது.