ஆசிரியை தந்த செம்புக் கிண்ணம்

கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் ஊரில், தொழிற்சாலையில் அப்பாவுக்குக் கண்ணால்தான் வேலை. தகரத் தட்டுகள் வரிசையாக வரும். நெளிந்ததை எடுத்து ஒதுக்க வேண்டும். வீட்டிலும் அந்தக் கண்ணுக்கு ஓய்வில்லை. சட்டியில் சின்ன நெளிவு இருந்தாலும் அம்மாவுக்குப் பேச்சு விழும்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது கைவேலை ஆசிரியை, முன்பு இங்கிலாந்தில் இருந்த ஒரு கைவினைஞர் சங்கத்தின் கதையைச் சொன்னார். இயந்திரச் சாமான் பிடிக்காத ஆட்கள். லண்டனை விட்டுக் குடும்பம் குடும்பமாக ஒரு கிராமத்துக்குப் போய், வெள்ளியையும் செம்பையும் கையாலேயே அடித்துச் செய்தார்களாம். கை பட்டது தெரியட்டும் என்று சுத்தியல் அடையாளங்களை அப்படியே விட்டார்களாம். மலிவுச் சாமான்களோடு போட்டிபோட முடியாமல் சில வருடங்களில் சங்கம் படுத்துவிட்டது. அவர்கள் செய்த செம்புக் கிண்ணம் ஒன்று ஆசிரியையிடம் இருந்தது, அவருடைய தாய் விட்டுப்போனது. வரைந்து வருவதற்காக வாரம் ஒருவரிடம் அதைக் கொடுத்துவிடுவார்.

என் முறை வந்தது. கிண்ணத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தேனே தவிர, அதன் கதையை வீட்டில் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்து விஷயங்களைத் தமிழில் சொல்ல எனக்குப் பஞ்சி, அவ்வளவு சோம்பல்.

சனிக்கிழமை நீச்சல் முடிந்து வந்தபோது கிண்ணம் மழமழவென்று இருந்தது. அப்பா துணி சுற்றிய மரச்சுத்தியலோடு, பெரிய சிரிப்போடு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு நெளிவும் இல்லை. தடவிப் பார்."

நான் அழுத அழுகையில், சமைத்துக்கொண்டிருந்த அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார்.

திங்கட்கிழமை அப்பா லீவு போட்டுவிட்டு, கோயிலுக்குப் போடும் சட்டையோடு என்னுடன் பள்ளிக்கு வந்தார். ஆசிரியை கிண்ணத்தை நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். ஏசவில்லை. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று மட்டும் அப்பாவிடம் டேனிஷில் கேட்டார். எனக்கு வெட்கத்தில் உயிர் போனது.

அப்பா என் பக்கம் திரும்பினார். "பழுதானதைப் பாத்து எங்கட பிள்ளைக்குக் குடுத்துவிட்டினம் எண்டு நினைச்சன். நீ மற்றப் பிள்ளையளுக்கு முன்னால குறையக் கூடாது எண்டுதான் திருத்தினனான். பிழைதான், மன்னிக்கச் சொல்லு."

அப்பாவுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் டேனிஷில் சொன்னேன்.

ஆசிரியை பரவாயில்லை என்றார். அப்பாவை இரக்கத்தோடு பார்த்தார்.

வாசல்வரை கூடப் போனேன். அப்பா குனிந்த தலையோடு நடந்தார். செய்த பிழைக்கு வெட்கப்படுகிறார், படட்டும் என்று நினைத்தேன். அத்தனை வருடம் டேனிஷ்காரரோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்தவர். பேசத்தான் வராதே தவிர, நான் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் அவருக்கு நன்றாக விளங்கியிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியாது.