தளவானூர் வரைக்கும் சத்தமில்லாமல்

என் காரைப் பார்த்துச் செஞ்சியில் சிரிக்காதவர்கள் குறைவு. பாண்டிச்சேரியில் ஒருவர் ஊரைக் காலி செய்தபோது மலிவாகத் தள்ளிவிட்டுப் போன பழைய ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. உரக்கடைக்காரனுக்கு இது எதற்கு என்று கேட்டவர்களின் வாயை அடைக்கவே, பக்கத்து சீட்டில் யூரியா மூட்டையை உட்காரவைத்து ஊர் ஊராகப் போனேன். அந்த வீம்பில் மட்கார்டு, கதவு, பானட் எல்லாம் ஆட்டம் கண்டுவிட்டன. நான் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போதே சத்தத்தைக் கேட்டு வீட்டில் சோற்றைப் போட்டுவிடுவார்கள்.

என் மனைவிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்திருந்தோம். அது முடிந்ததும் தளவானூரில் இருந்த அவள் தாய்வீட்டுக்கு அனுப்ப வேண்டும். என் காரிலேயே கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். என் எதிரில் நின்று பேசாத மாமியார், கதவுக்குப் பின்னாலிருந்து மகளிடம் சொன்னார்.

"அந்தத் தகர டப்பா இன்னாத்துக்கு? அது போடுற சத்தத்துல வயித்துல இருக்குற புள்ள பயந்துக்கும். பஸ்ஸே போதும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போன தடவை ஐந்தாம் மாதமே கலைந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டமான பஸ்ஸில், நிற்கவைத்துத்தான் அழைத்து வந்தேன். அதற்கப்புறம் வாங்கியதுதான் இந்தக் கார். இதை மட்டும் நான் யாரிடமும் சொன்னதில்லை.

டிங்கர் வேலை செய்யும் பாய் என் சிநேகிதர். சத்தத்தின் இடம் வண்டி ஓடும்போதுதான் தெரியும் என்று ஏறி உட்கார்ந்துகொண்டார். சிங்கவரம் ரோட்டில் நான் ஓட்ட, அவர் கதவுக்கு வெளியே பாதி உடம்பைத் தொங்கவிட்டு, தகட்டை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தார். அழுத்தியதும் எங்கே சத்தம் நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. எதிரே சைக்கிளில் வந்தவர்கள் நான் பாயைக் கடத்திப் போகிறேன் என்றே நினைத்திருப்பார்கள்.

துருவேறி அகன்றுபோன போல்ட் ஓட்டைகளில் துண்டுத் தகடு வைத்துப் பற்றவைத்தார். தகடும் தகடும் உரசும் இடங்களில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து இறுக்கினார். கதவுக்குள் பழைய கம்பளியைத் திணித்தார். ஆனால் ஒரு சத்தம் அடங்கினால், அதுவரை அதன் அடியில் கிடந்த இன்னொன்று மேலே வரும். திரும்பவும் சிங்கவரம் ரோடு, திரும்பவும் சாக்பீஸ்.

வளைகாப்புக்கு முந்தின நாள் எங்கள் தெருவில் ஓட்டிக் காட்டினேன். மாமியார் கதவுக்குப் பின்னால் நின்றே காது கொடுத்துக் கேட்டார். "மெதுவா போவச் சொல்லு," என்றார். எனக்கு அதுவே பெரிய பட்டம்.

மறுநாள் பெண்கள் உள்ளே வளையல் போட்டுப் பாடிக்கொண்டிருந்தபோது நான் வெளியே பந்தியில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். விசேஷம் முடிந்ததும் மாமனாரும் மாமியாரும் எங்களுக்கு முன்னால் பஸ்ஸில் போய்விட்டார்கள். சீட்டில் மெத்தையை மடித்துப் போட்டு மனைவியை உட்காரவைத்துக் கிளம்பினேன்.

ஊர் எல்லையைத் தாண்டியதும் கேட்டது. மெலிசாக, கலகலவென்று, புதுச் சத்தம். முன்கண்ணாடிதான் ஆடுகிறது என்று நிறுத்தி, ஃபிரேமைத் திருகி இறுக்கினேன். சத்தம் இல்லை. வண்டியை எடுத்தால் மறுபடியும் கலகல. எனக்குப் பாயின் மேல் ஆத்திரமாக வந்தது. அவள் தளவானூரில் இறங்கியதும் அம்மாவிடம் என்ன சொல்வாள்? மறுபடி இறங்கிக் கண்ணாடியை உள்ளங்கையால் அழுத்தி, "நீ கொஞ்சம் வண்டிய ஆட்டு," என்றேன்.

அவள் வண்டியை ஆட்டவில்லை. இரண்டு கைகளையும் தூக்கிக் குலுக்கினாள்.

"இன்னாங்க, இதுக்கும் டியூப் வெச்சு இறுக்கப் போறீங்களா?"

முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல்கள். வயிற்றில் இருக்கும் பிள்ளை கேட்கட்டும் என்றுதானே போடுகிறார்கள். போன தடவை நாங்கள் வளைகாப்பு வரைக்கும் வந்து சேரவில்லை. அந்தச் சத்தம் எனக்குத் தெரியாமல் போனதற்கு அதுதான் காரணம். ரோட்டிலேயே அழுதுவிட்டேன்.

அவள் கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். "உதைக்குது. பயந்துக்கவே இல்ல," என்றாள்.

வண்டியை எடுத்தேன். தளவானூர் வரும்வரை அந்தச் சத்தம் நின்றுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே ஓட்டினேன்.