வேன் நுழையும் வீடு

பிள்ளைகளே, ஸ்ரீவில்லிபுத்தூரில் இந்த வீட்டை வாங்கியதே நம் டூரிஸ்ட் வேனை நிறுத்தத்தான். ராஜபாளையத்து வாடகை வீட்டில் அது தெருவில் நின்றது. அடுத்த வீட்டார் தினமும் ஏசினார்கள்.

வீடு பார்க்க வந்த அன்று, நீங்களும் சொந்தக்காரர்களுமாகப் பதினைந்து பேர் உள்ளே உட்கார்ந்திருக்க, வாசல் வளைவுக்குள் வேனை ஓட்டிப் பார்த்தேன். மேலே சாமான் வைக்கும் கேரியர்கூடத் தட்டவில்லை.

"வீடு பாக்க வந்தியளா, வேனுக்கு மாப்பிள்ளை பாக்க வந்தியளா?" என்றார் வீட்டுக்காரர்.

"அது நொழஞ்சாத்தாம்ணே நாங்க நொழைவோம்" என்றாள் உங்கள் அம்மா.

பத்திரம் முடிந்த பிறகு காலி வேனைக் கொண்டுவந்தேன். ஆள் பாரம் இல்லாமல் வண்டி உயர்ந்து நின்றதால், கேரியர் வளைவில் இடித்தது. இரண்டு விரல் உயரம்தான் இடைஞ்சல். பாரத்துக்கு ஏற்றிக்கொள்ள அக்கம்பக்கம் யாரும் இல்லை. இறங்கி, எல்லா டயரிலும் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு உள்ளே ஓட்டினேன்.