போகவர

லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கீழே இறங்கியதும் அவர் தேடுவது ஒரு கல்லை. இரண்டு நாளைக்கு முன், போகும்போது அவரே வைத்துவிட்டுப் போன கல். மாடு உதைத்திருக்கலாம், மழை உருட்டியிருக்கலாம். அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. எதிரே இருக்கும் மரத்தையும் கம்பத்தையும் ஒற்றைக் கண்ணால் அளந்து, அரையடி இப்படி, அரையடி அப்படி என்று நகர்ந்து, வலது காலைப் பழைய இடத்தில் ஊன்றுவார். பிறகுதான் கழுத்தில் தொங்கும் கேமராவுக்கு வேலை. கடந்து போகிற வண்டிகள் கேலியாக ஹாரன் அடிக்கும். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

போகும்போது ஒரு படம், வரும்போது அதே இடத்தில் நின்று இன்னொரு படம். முப்பது வருஷமாக இதுதான் வழக்கம். அதனால் லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பேர் ‘போகவர’. சொந்தப் பேரைத் தெரிந்துகொள்ள லைசென்ஸைத்தான் வாங்கிப் பார்க்க வேண்டும். “போகவர வந்துட்டாரு, ரோடே தலைய சீவிக்கிட்டு நிக்குது பாரு” என்று எடைமேடையில் யாராவது குரல் கொடுப்பார்கள். அவரும் சளைக்காமல், “உன் மூஞ்சிக்கு ஃபிலிம் வீண்டா” என்பார்.

படங்களையெல்லாம் பிஸ்கட் டப்பாக்களில் போட்டு வைத்திருந்தார். டப்பாக்கள் கட்டிலுக்கு அடியில் நிறைந்து, பீரோவுக்கு மேலே ஏறி, கடைசியில் தையல் மெஷினில் கை வைத்தன. மெஷின் அவருடைய மனைவியுடையது. அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் துணி தைக்கிறார். “ஒண்ணு இந்த வீட்ல டப்பா இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்று அந்த அம்மாள் ஒரே போடாகப் போட்டார். அப்படிப் பிறந்ததுதான் புத்தகம்.

கடையில் கொடுத்துச் செய்தது அல்ல. ஒவ்வொரு தாளையும் அவர் வெட்டி, கோடு போட்டு, படம் ஒட்ட, மனைவி மெழுகு பூசிய தார்ப்பாய் நூலால் தைத்தார். மேலட்டைக்கு லாரியின் பழைய தார்ப்பாய். அறுபத்திரண்டு இடங்கள். இடது பக்கம் போகும்போது, வலது பக்கம் வரும்போது. ஒன்றில் ஆற்றங்கரையில் ஒருத்தி துணி துவைக்கிறாள். அன்று சாயங்காலமே திரும்பியிருக்கிறார், வலது பக்கத்தில் அதே துணிகளைக் காயவைத்து மடிக்கிறாள். ஒன்றில் கொத்தனார் முழங்கால் உயரச் சுவருக்குப் பின்னால் நிற்கிறார். வலது பக்கத்தில் அவருடைய தலை மட்டும் தெரிகிறது. சோதனைச் சாவடி அதிகாரி போகும்போதும் தூங்குகிறார், வரும்போதும் தூங்குகிறார். நாற்காலி மட்டும் நிழலுக்கு நகர்ந்திருக்கிறது.

படத்துக்குக் கீழே ஊர்ப் பேர் இருக்காது. நேரம், வானிலை, லாரியில் என்ன சரக்கு, அவ்வளவுதான். ஏனென்று கேட்டால், “ஊர் பேரு பலகையில இருக்கு. அன்னைக்கு நான் சிமென்ட்டு ஏத்திட்டுப் போனேனா, வெங்காயம் ஏத்திட்டுப் போனேனான்னு எந்தப் பலகையில இருக்கு?” என்று திருப்பிக் கேட்பார்.

மொத்தம் மூன்று பிரதிகள் செய்தார்கள். ஒன்று லாரிக்குள்ளேயே வெள்ளத்தில் ஊறிப் போனது. இன்னொன்றை முதலாளி பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போனார், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார். மிச்சம் இருக்கிற ஒன்று தலையணை உறைக்குள், பீரோவில்.

அந்த ஒன்றைக் கேட்டுத்தான் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். பயணப் படங்களைச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்து மனைவிதான் கடிதம் எழுதிப் போட்டிருந்தார். வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு அவள் ஒவ்வொரு தாளாகத் திருப்ப, இவருக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கேட்காததற்கும் பதில் சொன்னார்.

“பசை நானே காய்ச்சினது மேடம். மைதாவுல கொஞ்சம் மயில்துத்தம். பூச்சி மோந்துகூடப் பாக்காது. பதினோரு வருஷம் ஆச்சு, ஒரு ஓரம் கெளம்பிருக்கா பாருங்க!”

நாற்பத்தோராவது இடம் வந்தது. இடது பக்கத்தில் மலையடிவாரத்தில் ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று உற்றுப் பார்க்கிறார். வலது பக்கத்தில் படம் இல்லை. கீழே மட்டும் அவருடைய கையெழுத்து: ‘வரும்போது. மழை. வெறும் லாரி.’

“ஐயா, இங்க ஒரு படம் விழுந்திருக்கு போல. பசை விட்டிருக்கும்” என்றாள் அந்தப் பெண்.

“என் பசையா? என் பசையா விடும்?”

“இல்லைங்கய்யா, தப்பா எடுத்துக்காதீங்க. படிவத்துல எழுதணும். ஒரு படம் காணோம்னா குறையுள்ள பிரதின்னுதான் போடணும். அப்படிப் போட்டா காட்சிக் கூடத்துக்கு வராது, கிடங்குக்குப் போயிடும்.” அவள் நல்ல மனசுக்காரி. ஒரு வழியும் சொன்னாள். “இப்போ அந்த எடத்துல ஒரு படம் எடுத்து ஒட்டிடலாமே?”

“அது வேற பயணம் மேடம். அந்தத் தடவ போனதுக்கு அந்தத் தடவ திரும்பினதுதான் ஜோடி.”

“அப்ப அந்தப் படம் எங்கய்யா?”

பசையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடிய மனுஷர் புத்தகத்தை மூடித் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த ரோட்டில் இருக்கிறவர்களை நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்பது அவருடைய பெரிய ஆசை. புத்தகத்தைக் கிடங்கில் போடுவதற்காகவா ஒவ்வொரு தாளாக வெட்டினார்? “குறைன்னு எழுதறதுன்னா புத்தகம் வேணாம், இங்கயே இருக்கட்டும்” என்றார்.

தையல் மெஷின் ஓசை நின்றது.

“இவரு சொல்ல மாட்டாரு கண்ணு. நான் சொல்றேன்” என்று மனைவி எழுந்து வந்தார். “அன்னைக்கு இவரு திரும்பி வர்றப்ப மலை சரிஞ்சு கெடந்துச்சு. பஞ்சர் கடை மேலயே மண்ணு. மத்த வண்டியெல்லாம் சுத்து வழியில போயிடுச்சு. இவரு போகல. கூட இன்னும் நாலு டிரைவருங்க. மறுநாள் மத்தியானம் வரைக்கும் தோண்டினாங்க. கடைக்காரரு, அவரு சம்சாரம், அந்தம்மாவோட தங்கச்சி, மூணு பேரையும் உசிரோட எடுத்தாங்க. கையெல்லாம் கொப்புளத்தோட வீட்டுக்கு வந்து நின்னாரு. நான்தான் சோறு ஊட்டிவிட்டேன். வண்டி ஓட்டற தொழில்ல யாருக்கு வேணா கை காச்சுப் போகும். இந்த மாதிரிக் காச்ச கை எங்க வீட்ல இருக்குன்னு நான் தெரு முழுக்கச் சொல்லிருக்கேன். இவருதான் வெளியில மூச்சு விட மாட்டாரு.”

அந்தப் பெண் அவரைப் பார்த்தாள். “கேமரா கையிலதானே இருந்திருக்கும் ஐயா? ஒரு படமாவது எடுக்கத் தோணலையா?”

“ரெண்டு கையிலயும் மண்வெட்டி இருந்துச்சு மேடம்” என்றார், ஏதோ லோடு சீட்டில் இருப்பதை வாசிப்பது போல.

அவள் மூடியிருந்த புத்தகத்தைக் கேட்டு வாங்கி, மறுபடியும் அந்த இடத்தைத் திறந்தாள். படமில்லாத பக்கத்தை மற்ற பக்கங்களைவிட அதிக நேரம் பார்த்தாள். பிறகு படிவத்தை எடுத்து, ‘குறை’ என்று அச்சாகியிருந்த கட்டத்தில் ஒரு கோடு கிழித்துவிட்டு, அதற்குக் கீழே நிதானமாக எழுதினாள். எழுதியதை அவரிடம் நீட்டினாள். கண்ணாடி எங்கே வைத்தோம் என்று அவர் தடவிக்கொண்டிருந்தார். மனைவிதான் வாங்கி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உரக்க வாசித்தார்:

“படங்கள் நூற்று இருபத்து மூன்று. நாற்பத்தோராவது இடத்தின் வலது பக்கம் வெறுமையாகவே செய்யப்பட்டது. பிரதி முழுமையானது. காட்சிக் கூடத்துக்கு.”

“இன்னொரு தடவ படி” என்றார் அவர்.

மனைவி படித்தார், முதல் தடவையைவிட உரக்க. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

“இங்க ஒரு கையெழுத்து ஐயா” என்று அந்தப் பெண் பேனாவை நீட்டினாள். அவர் உடனே வாங்கவில்லை. எழுந்து நின்றார். மடித்து விட்டிருந்த சட்டைக் கைகளை மணிக்கட்டு வரை இறக்கினார். கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு பேனாவுக்குக் கை நீட்டினார்.